தீபாவளி முடிஞ்சு போட்டுக்கிறேன்

13.10.2024, ஞாயிறு

மூன்றாவது வாரமும் வானொலியில் பேசி முடித்தாயிற்று. இன்று டெங்கு. ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாக வைரஸோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது ஊரே கேட்கிறது. இன்று ஒருவர் தொலைபேசியில் வந்து, "வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லையா? ஒரு முடிவச் சொல்லுங்க" என்று அதட்டினார். எங்கள் ஆட்களே வருடக்கணக்காக அடிபடுகிற கேள்வி அது. "உள்ளுக்குப் பூந்தா உயிர், வெளியில நிண்டா தூசு" என்று ரஸீன் சமாளித்தார்.

ரஸீன் மடவளைக்காரர், மிருக வைத்தியர். மிருகங்களின் வைரஸ் அவருக்கு, மனிதர்களின் வைரஸ் எனக்கு என்று பங்கு பிரித்திருக்கிறோம். நிகழ்ச்சியை நடத்தும் சுதேஷுக்கு நேரம் மட்டும்தான் கண்ணில் தெரியும். நாலுக்குத் தொடங்கி நாலரைக்கு முடிய வேண்டும், ஒரு நொடி கூடினால் முகம் கறுத்துவிடும்.

கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் கிறகரி சொல்கிறார்: "நீ 'ஆகவே'ன்னு பதினோரு தடவ சொன்ன." கட்டிய புருஷன் வாயால் பாராட்டு வாங்க இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

16.10.2024, புதன்

அடுத்த ஞாயிறு விசர்நாய்க்கடி, அதாவது ரேபீஸ். எனக்கு மிகவும் பிடித்த வைரஸ். வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மற்றவை இரத்தத்தில் ஏறி ஊர் சுற்றும். இது நரம்புக்குள் நுழைந்து, நரம்பு தன் சரக்குகளை ஏற்றி இறக்கும் அதே பாதையில் மூளைக்குப் போகும். நாளுக்குச் சில மில்லிமீற்றர், வேகமாகப் போனால் சில சென்ரிமீற்றர். இப்போது சில நாடுகளில் இதன் பல்லைப் பிடுங்கிவிட்டு, மூளையில் எந்த நரம்பு எதனோடு கதைக்கிறது என்று வரைபடம் போட இதையே அனுப்புகிறார்கள். கொலைகாரனுக்கு நிலஅளவை வேலை! இதை எப்படியும் சொல்லிவிட வேண்டும்.

நிகழ்ச்சி ஒழுங்கை எழுதி ரஸீனுக்கு அனுப்பினேன். முதலில் வைரஸ் யார், பிறகு அது எப்படிப் போகிறது, பிறகு புதிய ஆய்வுகள், கடைசியாகக் கடிபட்டால் என்ன செய்வது. "நல்லா ஈக்கிது" என்று பதில் வந்தது.

20.10.2024, ஞாயிறு

எழுதினால் மனம் அடங்குமா, பார்ப்போம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் நரம்பைப் பற்றிச் சொன்னேன். "இந்த வைரஸுக்கு அவசரமே கிடையாது, மெல்ல மெல்ல நடந்துதான் போகும்" என்று ரசித்துச் சொன்னேன். நிலஅளவைக் கதையையும் சொன்னேன். சுதேஷ் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் போய்விட்டது. கடைசிப் பகுதி இன்னும் சொல்லவில்லை. அதற்குள் ஒரு அழைப்பை எடுத்துவிட்டார்.

ஒரு பெண். "டொக்டரம்மா, ஹேவாஹெட்ட பக்கமிருந்து பேசுறேங்க. முந்தாநாளு தெரு நாயொன்னு கெண்டக்கால்ல கடிச்சிருச்சு. ஊசி போட்டா ஒரு மாசத்துக்குக் கவிச்சி தொடக்கூடாதாம். நம்ம வீட்டுல தீபாவளிக்கு ஆட்டுக்கறி. அது மெதுவாத்தான் போகும்னு நீங்கதான் சொன்னீங்களே. அப்ப தீபாவளி முடிஞ்சு போட்டுக்கிறேன், சரிதானுங்களே?"

வாயைத் திறந்தேன். நாலரை. "நன்றி நேயர்களே" என்று சுதேஷ் பாட்டைப் போட்டுவிட்டார். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. "இல்ல! நாளைக்கே போங்க!" என்று கத்தினேன். அறைக்குள் இருந்த மூன்று பேருக்கு மட்டும் கேட்டது.

தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள். மெதுவாகப் போகும் என்பது பெரும்பாலானவர்களுக்கு. சிலருக்குப் பத்து நாளிலேயே மூளைக்குப் போயிருக்கிறது. போய்விட்டால் மருந்தே கிடையாது. போகுமுன் ஊசி போட்டால் பிழைப்பது ஏறக்குறைய நிச்சயம். இது எனக்குத் தெரியும். இதைச் சொல்லத்தானே போனேன்? முடிவுரையைக் கடைசியில் வைத்தேன் — ஆய்வுக் கட்டுரை எழுதுகிற புத்தி. கட்டுரைன்னா புரட்டிப் பார்ப்பாங்க. ரேடியோவ எப்பிடிப் புரட்டுறது?

பேர் கேட்கவில்லை. ஹேவாஹெட்ட பக்கத்தில் எந்த இடம் என்றும் கேட்கவில்லை. கிறகரி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் கேலி செய்யாததுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

21.10.2024, திங்கள்

காலையிலேயே வானொலி நிலையத்துக்குப் போனேன். பழைய தொலைபேசி, வந்த இலக்கம் எதிலும் பதியாதாம். சுதேஷ் மேலதிகாரியிடம் கூட்டிப்போனார். செய்திக்கு முன்னால் முப்பது நொடி கேட்டேன். பொது அறிவித்தல் என்றால் மேலிடத்துக் கடிதம் வேண்டுமாம். "ஞாயித்துக்கிழம உங்கட நிகழ்ச்சியிலயே சொல்லலாந்தானே, மிஸ்?" ஞாயிறு வரை அவள் காலுக்குள் என்ன நடக்கும் என்று இவருக்கு எப்படிச் சொல்வது? பாதையில் வந்து நின்று அழுதேன், அழுதுவிட்டு ரஸீனைக் கூப்பிட்டேன்.

"வானொலி வந்து எத்தின வருஷம்? அதுக்கு முந்தி நம்மட ஆக்கள் செய்தி செல்லவே இல்லையா?" என்றார். "எங்கட பள்ளிவாசல்ல ஒலிபெருக்கி ஈக்கிது. நான் அதுல அறிவிக்க வெக்கிறன். உங்கட தோட்டத்துல என்ன ஈக்கிது?"

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு இருக்கிறது. விடியற்காலை, மலைக்கு ஏறுமுன் ஆட்கள் எல்லாம் ஒன்றுகூடிப் பேர் கொடுக்கிற இடம். அங்கே சொன்ன சொல் பொழுது சாய்வதற்குள் ஐந்து லயத்து வீடுகளுக்கும் போய்விடும். நான் பிறந்து வளர்ந்த ஹேவாஹெட்ட தோட்டத்தில் இப்போது கறுப்பையா கங்காணி. என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். சாயந்தரம் பேசினேன்.

"நீ சொல்றத அப்புடியே சொல்லவா, நம்ம பாணியில சொல்லவா?"

"உன் பாணியிலேயே சொல்லு."

22.10.2024, செவ்வாய்

கறுப்பையா பெரட்டில் சொன்னது இது: "ரேடியோவுல பேசின பொம்பளையத் தேடுறாங்க. தீபாவளி முடிஞ்சு ஊசி போட்டுக்கிறேன்னு சொல்லியிருக்கு. அது மட்டுமில்ல, நாய் கடிச்சவங்க யாரா இருந்தாலும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி போட்டுட்டுக் கறி திங்கலாம். செத்துப் போனா திங்க முடியாது."

அரை மணி நேரம் பேசியும் என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்துத் தோட்டக் கங்காணிமாருக்கும் சொல்லிவிட்டானாம்.

23.10.2024, புதன்

மடவளைப் பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்து அறிவித்தார்கள். அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

24.10.2024, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் பிரிவிலிருந்து தாதி கூப்பிட்டார். "என்னங்க செஞ்சீங்க? ரெண்டு நாள்ல பதினாலு பேரு. ஒருத்தருக்கு ரெண்டு மாசத்துக்கு முந்திக் கடிச்சதாம், வீட்டுல சொல்லவே இல்லையாம்."

பதினாலில் ஐந்து பேர் பெண்கள். ஒருவரும் வானொலிக்குப் பேசவில்லை என்கிறார்கள். சந்தோஷப்படுவதா, வேண்டாமா? அவள் இல்லையே.

பதினாலாவது ஆள் ஹுதைபா, மடவளையில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு தெரு நாய்க்குக் களவாகச் சோறு வைத்திருக்கிறார். மனைவிக்கு நாயென்றால் பயம், அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. போன வாரம் புதன் அது கணுக்காலில் கடித்துவிட்டது. நேற்று முன்தினம் செத்தும் போய்விட்டது. கடைக்குப் பின்னாலேயே புதைத்துவிட்டு, விஷயமும் அதோடு புதைந்துவிட்டது என்று இருந்திருக்கிறார். பள்ளி அறிவித்தலைக் கேட்டுத்தான் வந்தாராம். இன்று முதலாவது ஊசியும் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் கொடுத்துவிட்டார்கள்.

ரஸீன் கையுறையோடும் குளிர்ப்பெட்டியோடும் தோண்டப் போயிருக்கிறார்.

25.10.2024, வெள்ளி

ஹுதைபாவின் நாயினுடைய மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். பச்சை. ஒளிர்கிற பச்சைப் புள்ளிகள், வில்லை முழுக்க; வைரஸ் இருந்தால்தான் இந்தப் பச்சை. இவ்வளவு நாளும் இந்தப் பச்சையை அழகு என்று மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இன்று பார்க்க முடியவில்லை, எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டேன்.

அந்த மனிதர் நேற்று வராமல் இருந்திருந்தால்?

வந்துவிட்டார். ஊசி போட்டாயிற்று. இதைப் பத்துத் தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். ரஸீன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம் இரண்டு பேரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது வருமா என்று.

26.10.2024, சனி

நாளைக்கு ஞாயிறு. அவளுக்கு எட்டாம் நாள் முடிந்து ஒன்பதாம் நாள்.

27.10.2024, ஞாயிறு

எழுதும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது!

சுதேஷ் வணக்கம் சொல்லி வாய் மூடுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்: "நாய் கடித்தால் உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அன்றைக்கே ஊசி போடுங்கள். இறைச்சி சாப்பிடலாம். போன வாரம் பேசிய அம்மா, தயவுசெய்து எங்களோடு பேசுங்கள்." ஆகவே கூடச் சொல்லவில்லை.

முதல் அழைப்பு. அதே குரல்.

"டொக்டரம்மா, நான்தாங்க. வீரம்மா. நான் மறுநா காலையிலேயே மொத பஸ்ஸுல போயி போட்டுட்டேங்க. ரெண்டு ஊசி ஆச்சு."

நான் ஒலிவாங்கியை ரஸீன் பக்கம் தள்ளினேன். ரஸீன்தான் கேட்டார், தீபாவளி முடிந்து என்றவர் எப்படி மறுநாளே போனார் என்று.

"டொக்டரம்மா பதிலே சொல்லலீங்களே! மூனு வாரமா கேக்குறேன், யாரு என்ன கேட்டாலும் பத்து நிமிஷம் பேசுவாங்க. எனக்கு மட்டும் பேச்சில்லாம பாட்டப் போட்டுட்டாங்க. நம்ம கத முடிஞ்சிருச்சு, சொல்ல மனசு வரலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுதேஷின் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"அப்ப பெரட்டில் உங்களைத் தேடினார்களே, கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டேங்க. நான்தான் போட்டுட்டேனே, அது வேற யாரோன்னு இருந்துட்டேன். பாவம் அந்தப் பொம்பள நல்லா இருக்கணும்னு மாரியம்மனுக்கு ஒரு தேங்காயும் ஒடச்சேன்."

நாலரை தாண்டி நாலு நிமிடம். சுதேஷ் முகம் கறுக்கவில்லை.

31.10.2024, வியாழன்

தீபாவளி. கறுப்பையா ஆட்டுக்கறி கொடுத்தனுப்பியிருந்தான். வீரம்மாவும் கறி சாப்பிட்டாராம், விசாரித்தேன்.

23.11.2024, சனி

ஹுதைபாவுக்கு இன்று கடைசி ஊசி. போட்டுவிட்டு ரஸீனோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அந்த வைரஸைத் தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

கணினியில் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். ஊசியைப் பற்றியோ தன் காலைப் பற்றியோ கேட்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"இது அதுட மூளையா, மிஸ்?"

"ஆமாம்."

"அப்ப அன்டைக்கு என்னக் கடிச்சது அதுக்கே தெரியாதா?"

"தெரிந்திருக்காது" என்றேன். இதைத்தான் வானொலியில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அதோட கோவமா இருந்தேன். மவுத்தாகிற அன்டைக்குச் சோறும் வெக்கல்ல."

ரஸீன் அவர் தோளில் கையை வைத்தார். நான் போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். கீழே, கட்டிட வாசலில் அவருடைய மனைவி காத்துக்கொண்டு நின்றார். இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கடிபட்ட அந்தக் காலாலேயே ஒவ்வொரு படியாக இறங்கி வீட்டுக்குப் போனார்.