இரண்டேகால் லிட்டர் எங்கே போனது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, எட்டு மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. நீயும் நன்றாக இருக்கிறாய் என்று போனில் சொல்வாய்தான், ஆனால் சளி பிடித்திருக்கும்போதும் நீ அதே குரலில்தான் சொல்வாய், அதனால் உள்ளதை எழுத்தில் எழுதி அனுப்பு. பக்கத்து வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவளுடைய நாய் இப்போது நம் வாசலிலேயே பழியாய்க் கிடக்கிறது, அதற்கும் நான் சொல்லப் போகிற விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு.

மூன்று வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் வண்டி எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய், நானும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். அது பொய் கண்ணு. இப்போது வண்டி நன்றாக இருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொண்டு மேலே படி, பாதியில் போனை எடுக்காதே. ஒவ்வொரு தடவை பொய் சொன்ன பிறகும் சாமி முன்னால் போய் நின்றால் விளக்கைத்தான் பார்க்க முடிந்தது, முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், எழுதினால் ஒன்றும் விட்டுப்போகாது.

நீ கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கும். வாரம் ஒரு நாள் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். தரையோடு தரையாக ஓடும் உன் காருக்கு அப்பா செருப்பு என்று பெயர் வைத்துக் கேலி செய்தாலும் ஞாயிறு தவறாமல் ஓடவிடுவார், அளவு பார்த்துக் குறித்து வைப்பது என் வேலை. ஆறு வருடம் சேமித்து நீயாக வாங்கிய வண்டி, என்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னாய், அந்தச் சொல் எனக்குச் சாவிக்கொத்து மாதிரி இடுப்பிலேயே இருந்தது. நான்கைந்து மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஞாயிறு பார்த்தால் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுகிற கைதானே, யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் பழைய வேனுக்கு வாங்கியதில் பாதிக் கேன் பச்சைக் கூலன்ட் அலமாரியில் இருந்தது, கூலன்ட் என்று பெரிதாக எழுதியும் இருந்தது, வீணாகக் கிடக்கிறதே என்று ஒரு டம்ளர் ஊற்றினேன். உன் வண்டியில் இருந்தது ரோஜா நிறம். நிறம் வேறாக இருக்கிறதே என்று தோன்றியது, தோன்றாமல் இல்லை, சோப்பு கூட எத்தனையோ நிறத்தில் வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மூன்று வாரமும் குறைந்தது, மூன்று டம்ளர் ஊற்றினேன்.

ஐந்தாவது ஞாயிறு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டி ஏறியது. அப்பா உடனே அணைத்துவிட்டார். நான் மூடியைத் திறக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு, சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும் என்று அதட்டினார். சாயங்காலம் ஆறிய பிறகு திறந்தால் உள்ளே ரோஜாவும் இல்லை பச்சையும் இல்லை, சேறு மாதிரி பழுப்பாக, கூழ் பதத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.  மறைக்கவில்லை, பச்சையை ஊற்றியதை அங்கேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. படியில் உட்கார்ந்து, எவ்வளவு ஊற்றினாய் என்று மட்டும் கேட்டார். நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன், நாலு தேதி, நாலு டம்ளர். பார்த்துவிட்டு, "தப்புக்கும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கியே, உன்னை என்னன்னு சொல்றது" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஒர்க்‌ஷாப்காரரை அழைத்துவந்து காட்டினோம். இரண்டு வகையும் சேர்ந்தால் சிலது இப்படித்தான் திரிந்துபோகும் என்றார். அவரிடம் இரண்டு வாரத்துக்கு இடம் இல்லை, இவ்வளவு தாழ்வான வண்டியைக் கட்டி இழுத்துப் போவதும் கஷ்டம், இன்ஜின் இன்னும் கெடவில்லை, வீட்டிலேயே வடித்துக் கழுவுங்கள், இது குழாய் வேலைதானே என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான், ஓய்வு பெற்ற பிளம்பருக்கு வேறென்ன வேண்டும், வேலைக்குப் போன நாள்களில் போட்ட பழைய சட்டையைத் தேடி எடுத்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார் ஒர்க்‌ஷாப்காரர். "அம்மா ஊத்தினது தப்புதான், ஆனா குறையுதுன்னு பாக்காம விட்டிருந்தா அதைவிடப் பெரிய தப்பாயிருக்கும்." அவர் சொன்ன பிறகு அப்பா தடவிப் பார்த்தார், ஒரு ஹோஸ் குழாயின் கிளிப் தளர்ந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. அதை மாற்றியாகிவிட்டது.

உன் வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வயிற்றுக்கு அடியில் நீளமாக இரண்டு குழாய் ஓடுகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, கீழே பிளாஸ்டிக் தொட்டி வைத்து வடித்தோம். நான் லிட்டர் குவளையால் அளந்து அளந்து பழைய கேன்களில் ஊற்றினேன், ஒன்பதேகால் லிட்டர். அந்தக் கழிவுக்கு இனிப்பு வாடை, டீச்சர் வீட்டு நாய் மோப்பம் பிடித்து வந்துவிட்டது. ஒரு வாய் நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து என்று ஒர்க்‌ஷாப்காரர் எச்சரித்திருந்தார், அதனால் கேட்டைப் பூட்டி, சிந்திய இடத்தில் மணல் போட்டு அள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கேன்களை அவரே எடுத்துக்கொண்டார், சாக்கடையில் ஒரு சொட்டும் விடவில்லை. நாய்க்கு இன்னும் ஆசை விடவில்லை, வாசலில் காவல் கிடக்கிறது.

பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்தோம். வெளியே வெயில், உள்ளே ஹீட்டர், அப்பா வண்டிக்குள் உட்கார்ந்து வேர்த்து வழிந்து, கழுவுவது வண்டியையா என்னையா என்று கேட்டார். இப்படி மூன்று முறை. முதல் முறை வந்தது டீ நிறம், இரண்டாவது முறை கலங்கல், மூன்றாவது முறை குவளையின் அடியில் போட்ட கோடு தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்பதேகால் உள்ளே போனது, ஒன்பதேகால் வெளியே வந்தது. எல்லாம் நோட்டில் இருக்கிறது, வந்து பார்.

இரண்டாம் நாள் மதியம்தான் புதுக் கூலன்ட் ஊற்றினோம், தண்ணீர் கலக்கத் தேவையில்லாத வகை, அதே ரோஜா நிறம், ஐந்து லிட்டர் கேன் இரண்டு. அன்றைக்கு நாலு மணிக்கு வண்டிச் சோதனைக்கு நேரம் வாங்கியிருந்தோம், அதனால் அப்பாவுக்கு அவசரம். ஏழு லிட்டர் போனதும் விளிம்பு வரை வந்துவிட்டது. நிரம்பியாச்சு என்று மூடியைத் திருகிவிட்டுக் கைகழுவப் போனார். நான் நோட்டைப் பார்த்தேன். வெளியே வந்தது ஒன்பதேகால், உள்ளே போனது ஏழு, இரண்டேகால் இடிக்கிறது. சொன்னேன். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும் என்றார். கடைசித் தண்ணீரும் முழுசாக வெளியே வந்ததை நானே அளந்தேனே என்றேன். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா, இது உன் மளிகைக் கணக்கு இல்லை என்று சாவியை எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது, ஏற்கெனவே ஒரு தப்புச் செய்தவள்தானே, மறுபடி மூக்கை நுழைக்கிறோமோ என்று. ஆனால் உன் சொல் இடுப்பில் கனத்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை என்று வந்து சொன்னீர்களே, அன்றைக்கு நடுவில் நின்றது என்ன என்று கேட்டேன்.

அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு முன்பக்கம் போய்க் குனிந்தார். ரேடியேட்டர் மேலே காற்று வெளியேற ஒரு சின்னத் திருகு இருக்கிறது, தண்ணீர் நிரப்பிய மூன்று முறையும் திறந்தவர், இந்த முறை அவசரத்தில் மறந்துவிட்டார். திறந்தாரோ இல்லையோ, அன்று ஆஸ்பத்திரியில் அடைத்த மாதிரியே உள்ளே அடைத்திருந்த காற்று புஸ்ஸென்று வந்தது, குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. நான் மெல்ல மெல்ல ஊற்ற, அவர் குழாயை அமுக்கி அமுக்கி விட, ஒன்றரை லிட்டர் இறங்கியது. திருகின் வழியே குமிழி இல்லாமல் ஒரே கம்பியாக வந்ததும் மூடினார். ஓடவிட்டு, விசிறி தானாகச் சுற்றி நிற்கும் வரை காத்திருந்து, ஆறவிட்டுப் பார்த்தால் இன்னும் முக்கால் லிட்டர் குடித்தது. ஆக ஒன்பதேகால். முள் பாதிக்குக் கீழே ஆணி அடித்தாற்போல் நின்றது. சோதனை நேரம் போய்விட்டது, போனால் போகிறது, மறுநாள் காலை போய்வந்தார்கள் அப்பாவும் வண்டியும், ஒரு குறையும் சொல்லவில்லையாம். அப்படியே காற்றோடு ஓட்டியிருந்தால் பாதி வழியில் சூடேறி இன்ஜின் ஹெட், அதன் மேல்மூடி, வளைந்திருக்கும் என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதை அப்பாவே என்னிடம் வந்து சொன்னார், முகத்தைப் பார்க்காமல்தான். அன்றிரவு நான் முதுகு நீட்டித் தூங்கினேன், மூன்று வாரத்துக்குப் பிறகு.

நேற்று அப்பா என்னை உட்கார வைத்து ஓட்டிப்போனார். அதில் உட்காருவதே பாத்திரத்தின் அடியில் இறங்குகிற மாதிரி இருக்கிறது, எழுந்திருக்க இரண்டு கை வேண்டும். ஆனால் ஏன் ஆறு வருடம் சேமித்தாய் என்று எனக்கு வளைவில் திரும்பும்போது புரிந்தது. செருப்பு என்று இப்போது அப்பா சொல்வதில்லை, அவர் வண்டி மாதிரி நம்ம வண்டி என்கிறார், வந்ததும் நீ கொஞ்சம் கண்டிப்பாக இரு.

மீதி முக்கால் லிட்டர் ரோஜாக் கேனில் தேதி எழுதி மேல்தட்டில் வைத்திருக்கிறேன், பச்சைக் கேன் வீட்டை விட்டுப் போய்விட்டது. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கப் போகும்முன் இரண்டு நிமிடமாவது கடவுளை நினை, உனக்கு ஒரு கெடுதலும் வராமல் அவர் பார்த்துக்கொள்வார். என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, தாங்கிக்கொள்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறக்காமல் வண்டி எப்படிம்மா இருக்கு என்று கேள். வாய் குழறாமல் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது.

எப்போதும் உன் நலத்தை வேண்டும்,
உன் அம்மா.