ருசி பார்த்தது கணக்கில் இல்லை

பிப்ரவரி 2

அன்புள்ள ஆஸ்பத்திரிச் சமையலறை அதிகாரி அம்மாவுக்கு,

போனில் பேசினால் சிரிக்க வைத்தே ஏமாற்றிவிடுகிறேன், இனி எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனாய். இதோ எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாட்டைத் தொடங்கிவிட்டேன்! காலையில் முட்டையும் கீரையும். மதியம் மீனும் வதக்கிய முட்டைக்கோஸும். ராத்திரி கோழி, வெள்ளரிக்காய். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை நாலு பேரையும் வீட்டை விட்டே துரத்திவிட்டேன். சர்க்கரை டப்பாவில் இப்போது ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏழுக்குக் கீழே வந்தால்தான் திரும்பி வருவேன் என்றாய். இப்போது எட்டு புள்ளி எட்டு. மே மாதம் பார், உன்னைக் கூட்டிவர நானே ஸ்டேஷனில் நிற்பேன். நீ இல்லாத வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம்கூட எனக்குத் துணையாக இருக்கிறது.

உன்,
இளைக்கப் போகிற வீட்டுக்காரன்

பிப்ரவரி 10

அன்புள்ள கேக் மாஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. நம்ப ஆசையாக இருக்கிறது, நம்பிக்கைதான் வரவில்லை. போன வருஷம் ரிப்போர்ட்டையெல்லாம் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, “எல்லாம் நார்மல்மா” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் நீங்கள்.

சில கேள்விகள். பழரசம் குடிக்கிறீர்களா? சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் என்று எதையாவது ஆரம்பித்திருக்கிறீர்களா? ‘சர்க்கரை இல்லாத’ பிஸ்கட் வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். மாவில்லாமல் பிஸ்கட் ஏது மாஸ்டர்?

முக்கியமானது மாத்திரை. சாப்பாடு மாறுவதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? மாத்திரையின் அளவையும் அவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் கை வைக்காதீர்கள். கை நடுங்கி, வியர்த்தால் வைராக்கியம் பார்க்காமல் உடனே சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு அவரிடம் போங்கள். அந்த ஆணியை எடுத்துவிட்டு டப்பாவில் கொஞ்சம் சர்க்கரை வையுங்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடும்போது குறை சொல்லத்தான் ஆள் இல்லை.

உங்கள் மனைவி

மே 6

அன்புள்ளவளுக்கு,

ஒன்பது புள்ளி ஒன்று.

ஏறியிருக்கிறது! தேன் இல்லை, பழரசம் இல்லை, பிஸ்கட் இல்லை. கல்யாண வீட்டில்கூட வெறும் கறியை மட்டும் தின்றுவிட்டு எழுந்தேன். பரிசோதனைக் கூடத்தில் மிஷின்தான் பழுது என்று சண்டை போட்டேன். அங்கிருந்த பெண், “உங்களுக்கு முன்னாடி வந்தவருக்கு அஞ்சரைதானே சார் காட்டுச்சு” என்று வாயை அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பீரோவை ஒருமுறை பார்த்தேன். அப்புறம் பேனாவை எடுத்து உனக்கு எழுதிவிட்டேன். நீ திட்டலாம். ஆனால் நான் தின்னவில்லை, உன் மேல் சத்தியம்.

மனம் உடைந்து,
உன் வீட்டுக்காரன்

மே 13

அன்புள்ள மாஸ்டருக்கு,

திட்டப் போவதில்லை. சத்தியத்தை நம்புகிறேன். உங்கள் முதல் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் வீட்டுச் சாப்பாடும் விருந்துச் சாப்பாடும்தான் இருக்கின்றன. பொழுதெல்லாம் கிடப்பது கேக் கடையில் அல்லவா?

க்ரீம் அடித்ததும் கரண்டியோடு நாக்கில் வைப்பீர்களே, அது? பாகு பதம் பார்ப்பது? கேக்கின் மேல்பக்கத்தை மட்டமாகச் சீவும்போது விழுகிற துண்டு எங்கே போகிறது? ஒரே ஒரு நாள், ருசி பார்க்கும்போதெல்லாம் வாயில் போடுகிற அளவை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

உங்கள் மனைவி

மே 21

என் மகராசிக்கு,

நீ ஜெயித்தாய்! பிடித்துவிட்டாய் திருடனை!

கிண்ணம் மதியத்துக்குள் நிரம்பிவிட்டது. நான் மாவு பிசைகிற பேசினைக் கொண்டுவந்து வைத்தேன். சாயந்திரம் கல்லாவில் உட்காரும் அம்மா எட்டிப் பார்த்து, “இது எந்தக் கல்யாணத்துக்கு மாஸ்டர்?” என்றார். பேசினில் ஒரு முழு கேக் இருந்தது, மேலே போடுகிற க்ரீம் உட்பட! இத்தனை வருஷமும் தினம் தின்றிருக்கிறேன்; இந்த மூன்று மாதம் சோற்றை விட்ட பசியில் இன்னும் கூடுதலாக ருசி பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெள்ளரிக்காய் கடித்திருக்கிறேன்.

சத்தியமாக அதைச் சாப்பாடு என்றே நான் நினைத்ததில்லை. அது வேலை. தையல்காரர் துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான்.

முதலாளியிடம் இனி ருசி பார்க்க மாட்டேன் என்றேன். “நாக்கு வேலை செய்யாத மாஸ்டருக்கு என்னய்யா வேலை?” என்று கத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் நாக்கை நம்பித்தானே கடை? கடைசியில் அந்த வேலையைக் கல்லா அம்மாவிடம் விட்டோம். அவர் ஒரு கரண்டி க்ரீமை வாயில் வைத்துவிட்டுச் சொன்னதைக் கேள்: “இனிப்பு அதிகம் மாஸ்டர். ரொம்ப நாளாவே அதிகம். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல.”

கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன். சாயந்திரத்துக்குள் கண்ணாடி அலமாரி காலி! வந்தவர்கள் புது மாஸ்டரா என்று கேட்டார்களாம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உன்,
நாக்கைத் தொலைத்தவன்

ஆகஸ்ட் 27

அன்புள்ளவளுக்கு,

ஏழு புள்ளி இரண்டு! டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஜூலையில் ஒருநாள் கை நடுங்கியது. நீ சொன்னபடி சர்க்கரையைப் போட்டுக்கொண்டு நேரே அவரிடம் ஓடினேன். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்கிறது. நேற்று ஒரு தக்காளியைக் கடித்தேன், இனித்தது! தக்காளி இனிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

ஆனால் ஒன்று. ஏழுக்குக் கீழே இல்லை. அதனால் நீ இப்போது வரக்கூடாது. போனால் போகிறது என்று இரக்கப்பட்டு வந்தால் எனக்குத் தாங்காது. இன்னும் மூன்று மாதம் கொடு. வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவேன்.

உன் வீட்டுக்காரன்

செப்டம்பர் 2

என் அன்புள்ள மாஸ்டருக்கு,

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன்.

இரக்கப்பட்டு வரவில்லை. உங்கள் சர்க்கரைக்குப் பயந்து நான் போகவும் இல்லை. நீங்கள் ஒளித்தீர்கள். என்றைக்காவது யாரோ முன்பின் தெரியாதவர் போன் செய்துதான் எனக்கு உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வார் என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஏழு, எட்டு என்று நிபந்தனை வைத்ததெல்லாம் கோபத்தில் வாய்க்கு வந்த கணக்கு.

ஒன்பது புள்ளி ஒன்று என்று உங்கள் கையாலேயே எழுதினீர்களே, அந்தக் கடிதம் வந்த அன்று வார்டுகளுக்குச் சாப்பாட்டு டிரே எல்லாம் போன பிறகு சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலையிலேயே நம் ஊருக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். உத்தரவு நேற்றுத்தான் வந்தது. இத்தனை மாதமும் உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே சந்தோஷத்தில் மூன்றடுக்கு கேக் செய்து, நீங்களே முதல் ஆளாக ருசி பார்த்திருப்பீர்கள்.

ஸ்டேஷனுக்கு வெறுங்கையோடு வாருங்கள். பெட்டிகள் கனமாக இருக்கின்றன.

உங்கள் மனைவி