யாரும் இழுக்காமல் வந்த வலை

சேரப்பணஞ்சேரி
மாசி மகத்துக்கு மறுநாள்

அன்பு மகன் ஜீவானந்தத்துக்கு அம்மா ராஜாமணி சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கவியும் நல்ல சுகம். அப்பாவுக்கு மட்டும் சுகம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, பஹ்ரைன் கடலில் குளிர் விட்டதா, உங்கள் படகில் சமைக்கிற ஆள் இன்னும் மீன் குழம்பில் சர்க்கரை போடுகிறானா. போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ பாதியில் "செரிம்மா, டூட்டி கீது" என்று வைத்துவிடுகிறாய், கடிதமென்றால் கடைசிவரை படித்தே தீர வேண்டும். எழுதுவது உன் தங்கை கவிப்பிரியா. பத்தாவதோடு நின்றவள் என்றாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், உனக்குத் தெரியாததா. கதை முழுக்க அவளைப் பற்றித்தான் என்பதால் வெட்கப்பட்டுக்கொண்டு அடிக்கடி பேனாவை மூடி வைத்துவிடுகிறாள், நான் விடுவதாக இல்லை.

கார்த்திகைப் புயலில் நம் குப்பத்து வலைகளெல்லாம் ஒன்றாகச் சுருண்டு, கங்கையம்மன் கோயில் பக்கத்தில் மலைபோலக் கிடந்ததைப் படத்தில் பார்த்தாயே. முள்ளும் ஓலையும் யாரோ ஒருவருடைய கட்டில் காலும்கூட அதற்குள் இருந்தது. ஊரான் வலையில் கத்தி வைக்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு, அதனால் எல்லா வீட்டுக்காரரும் கூடித்தான் பிரிக்க வேண்டும். கூடுவது எப்படி? நம்மைப் போலவே பாதி ஊர் பிழைப்புத் தேடி இந்தக் கம்பெனிப் பக்கம் வந்து ஷிப்ட் ஷிப்டாகக் கிடக்கிறது. வந்த நாளிலும் என்ன செய்தார்கள் தெரியுமா, தன் வலையின் கயிறு எங்கே தெரிகிறதோ அதைப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். ஒருத்தர் இழுக்க இன்னொருத்தர் வலை இறுகியது, அவர் கோபத்தில் இழுக்க இவருடையது இறுகியது. ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற நாட்டார் நயினார் மனம் வெறுத்துப்போய், மாசி மகத்துக்குள் பிரியவில்லை என்றால் பழைய வலை வாங்குகிறவனுக்கு மொத்தமாக எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அதுதான் இடி. எல்லப்பன் சித்தப்பா படகு மூக்கு உடைந்ததோடு தப்பித்துவிட்டது, ஃபைபர் ஒட்டி முடித்தாகிவிட்டது, அவரிடம் வலை இல்லை. என் படகு, உன் வலை, சேர்ந்து போகலாம் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் நீ போனில், அப்பா பேசாமல் செக்யூரிட்டி வேலையிலேயே இருக்கட்டும், இனிமேல் கடலும் வேண்டாம் புயலும் வேண்டாம் என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவரும் கேட்டார். மறுநாள் விடிந்ததும் அந்த யூனிபார்ம் பூட்சுக்கு உட்கார்ந்து பாலிஷ் போட்டார். அவர் வேலை பார்க்கிற அழகை நீ பார்த்ததில்லை. கன்டெய்னர் லாரி பின்னால் வரும்போது விசிலடித்துக்கொண்டு "வாடப் பக்கம் ஒடி, வாடப் பக்கம்!" என்று கத்துவார். வாடை என்றால் வடக்கு என்று பீகார் டிரைவருக்கு எப்படித் தெரியும், அவன் பாவம் தலையை ஆட்டிக்கொண்டே நேராகக் குப்பைத் தொட்டியில் ஏற்றுவான்.

போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் புறப்பட்டோம். கவியோடு கார் வயர் கம்பெனி லைனில் வேலை செய்கிற ஷாரோன், ஜாஸ்மின், சசிகலா, இன்னும் ஹாஸ்டல் பெண்கள் நாலைந்து பேர், ஆன்ட்டி நாங்களும் கடல் பார்க்க வருகிறோம் என்று தொற்றிக்கொண்டார்கள். செங்கல்பட்டு வருவதற்குள் கட்டிக்கொடுத்த எலுமிச்சம் சாதம் காலி. ஜாஸ்மின் அலையைக் கண்டதும் செருப்போடு ஓடி ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மீதி நாள் முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்தாள். கரையில் வழக்கம்போல ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு இருந்தார்கள். அப்பா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டவே போகவில்லை. அப்போதுதான் ஒரு குரல், "நாட்டாரே, கயித்த விடுங்க! யாரும் இழுக்காதீங்க!" யாரென்று திரும்பிப் பார்க்கிறேன், நம் கவி. கடைக்காரரிடம் உப்பு கேட்கக்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்பாளே, அந்தக் கவி! (இதை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தாள், பெரியதாக எழுது என்று சொல்லியிருக்கிறேன்.) நயினார் கயிற்றை நிஜமாகவே விட்டுவிட்டார், இவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். விட்ட பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, "தணிகாசலத்துப் பொண்ணா இது? இதுக்கு வாய்கூட கீதா?" என்றார். கரை முழுக்கச் சிரிப்பு. இவள் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது, ஆனால் கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர்கள் லைனில் ஒரு காருக்குள் போகிற வயர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் பரப்பிக் கட்டுவார்களாம். சிக்கினால் இழுக்கக் கூடாது, தளர்த்திக்கொண்டே போக வேண்டும், எது எதனுடையது என்று கலர் டேப் சுற்ற வேண்டுமாம். கவி பையிலிருந்து கலர் கலராக டேப் எடுத்ததும் எனக்குப் பகீர் என்றது, கம்பெனியிலிருந்து எடுத்து வந்தாளோ என்று. "ஒரகடம் கடையில வாங்கினதும்மா, ஏம்மா இப்டி பாக்கற" என்றாள். கடல் பார்க்க என்று சொல்லித் தோழிகளைக் கூட்டி வந்ததே இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, கள்ளி. பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு ஒரு கலர். ஆண்கள் தங்கள் கயிற்றையும் மிதவையையும் அடையாளம் காட்ட வேண்டும், கையை மட்டும் வைக்கக் கூடாது. எல்லப்பன் சித்தப்பா பழக்கதோஷத்தில் இரண்டு தடவை இழுத்துவிட்டார், ஷாரோன் அவர் கையிலேயே சிவப்பு டேப்பைச் சுற்றி, "தாத்தா, நீங்க ரிஜக்ட், அப்டி ஓரமா குந்துங்க" என்றுவிட்டாள். தாத்தா என்றதில்தான் அவருக்கு வருத்தம்.

பொழுது சாய்வதற்குள் நம் வலை வந்துவிட்டதடா. நீலக் கலர் சுற்றியது. பாதிக்குமேல் கிழிசல்தான், ஆனாலும் அப்பா கட்டிய முடிச்சுகள் அப்படியே இருந்தன. மடியில் போட்டுக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்ற வீட்டு வலைகளும் பிரிந்தன, எடைக்காரன் வெறும் வண்டியோடு போனான். கிழிசல் தைப்பதெல்லாம் இந்தச் சேரப்பணஞ்சேரி அறையில்தான் நடந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து அடுப்பு வரைக்கும் வலை, நான் அதற்கடியில் குனிந்துதான் சோறு வடித்தேன். வீட்டுக்காரம்மா சந்திரம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா ராஜாமணி, வூட்டுக்குள்ள கடல வுட்டுட்டியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நேற்று மாசி மகத்துக்கு அம்மனைக் கரைக்குக் கொண்டுவந்து தீபாராதனை முடிந்ததும், அப்பா ஒரு நாள் லீவில் எல்லப்பனோடு கடலுக்குப் போனார். கழுத்தில் செக்யூரிட்டி விசில்! கழற்ற மறந்துவிட்டாராம். அலை தாண்டும்போது அதை எடுத்து ஊதினாரே ஒரு ஊது, கரையில் இருந்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். சங்கரா மீனும் நாலு கூடை கானாங்கெளுத்தியும் வந்தது. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு மணி நேரம் கரையை விட்டு நகரவில்லை. ஆனால் அவர் ஈரத்தோடு வந்து "பசிக்குது ராஜாமணி" என்றார். கார்த்திகைக்குப் பிறகு அவர் வாயால் பசிக்கிறது என்று கேட்டது நேற்றுத்தான். புயல் எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றிவிட்டு அரசாங்க முகாமுக்கு வந்துவிடுவேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இன்றைக்கு மறுபடியும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போயிருக்கிறார். மூத்த பிள்ளை சரி என்று சொல்லாமல் வேலையை விட மாட்டாராம், பிடிவாதம். நீ நல்லதற்குத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நீயே கடலில் இருந்துகொண்டு அவரைக் கடலுக்குப் போகாதே என்றால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? நாங்கள் குப்பத்துக்குத் திரும்பினால் கவி இங்கேயே ஷாரோனோடு ஹாஸ்டலில் இருந்துகொள்வாளாம், லைனில் இப்போது யாராவது வயரை இழுத்தால் கத்துகிறாளாம், அவளைப் பற்றிய கவலை எனக்கு விட்டுப்போயிற்று.

இதைக் கொண்டுவரும் ஜெபகுமார் ஷாரோனின் அண்ணன், நல்ல பையன், ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு. கருவாட்டுப் பொட்டலத்தை அந்தச் சர்க்கரைக்காரன் கையில் கொடுத்துவிடாதே. படகில் ஏறினால் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், அடியில் போட்டு உட்காருவதற்கு இல்லை அது. கங்கையம்மன் உன் கூடவே இருப்பாள், நூறு ஆயுசோடு இரு. கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் போடு, எனக்கு இல்லை, அவருக்கு.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ராஜாமணி

(உன் பேரில் ஒரு வரி எழுது என்று கவியிடம் சொன்னேன், ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதுகிறாள்.)

அண்ணா, நீயும் கயித்த விடு. கவி.