கடைசி அறைக்கு வராத நிபுணர்

அனுப்புநர்
மூன்றாம் தளம், கடைசித் தனி அறை நோயாளி,
தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர் (ஓய்வு).

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: எனக்கும் இதே வராந்தாவில் தனிமைப்படுத்தப்பட்டுள்ள மற்ற நோயாளிகளுக்கும் நுண்ணுயிரியல் நிபுணரின் ஆலோசனையை உடனே பெற்றுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். பொது வார்டில் மற்றவர்களோடு படுக்கப் பிடிக்காமல் நான் சண்டை போட்டுத் தனி அறை வாங்கிக்கொண்டதாக இந்தத் தளத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. சாப்பாடு கொண்டுவரும் அம்மாள் கதவுக்கு வெளியே, "உள்ள மகாராணி இருக்காங்க, தள்ளி நில்லு" என்று யாரிடமோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. அப்போது என் காது நன்றாக இருந்தது. நான் தனி அறை கேட்கவில்லை. பொது வார்டில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்த தையல்காரப் பெண்மணி, "ஆளுக்கொரு காலு நல்லா இருக்குக்கா, சேந்து நடந்தா வீடு போய்ச் சேந்துரலாம்" என்பார். ஒரு மதியம் என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுவந்து இங்கே விட்டார்கள். கதவில் மஞ்சள் அட்டை ஒன்றை ஒட்டினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் எனக்குத் தெரியாது.

2. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் இங்கே சேர்ந்தேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதைச் செய்த மருத்துவருக்கு என் நன்றி உண்டு. சிறுநீர் போகக் குழாய் பொருத்தியிருந்தார்கள். பிறகு, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எளிதில் அடங்காத கிருமி ஒன்று தெரிந்ததாகச் சொல்லித்தான் என்னை இந்த அறைக்கு மாற்றி, வீரியமான ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினார்கள். எனக்குக் காய்ச்சலோ, நடுக்கமோ, அடிவயிற்று வலியோ அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

3. அந்தப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையிலிருந்து கட்டிலுக்கடியில் தொங்கிய பையின் அடியைத் திறந்து பாட்டிலில் பிடித்தார்கள். பையில் தேங்கியதில் வளர்ந்த கிருமியா, என் உடம்பில் நோய் செய்கிற கிருமியா? எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் பேசுவதும் என் வழக்கமில்லை. ஆனால் அதை அறிந்த நுண்ணுயிரியல் நிபுணர் ஒருவர் இதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனபோது அவருடைய அறைப் பலகையைப் படித்தேன். பாட்டிலில் பிடித்த சிஸ்டரை நான் குறை சொல்லவில்லை. ஒரு வார்டையே ஒற்றையாளாகப் பார்க்கிறவர் அவர். எய்தவன் இருக்க அம்பை நோவது முறையன்று.

4. காலையில் வரும் மருத்துவரிடம் அந்த நிபுணரைக் கலந்துகொள்ளும்படி கேட்டேன். "லேப்ல ஏதாவது சொன்னா மாத்தலாம்மா" என்றார். லேப் எண்ணுக்கு நானே அழைத்தேன். "ட்ரீட் பண்ற டாக்டர் கேட்டாத்தான் எங்க மேடம் பேசுவாங்க. பேஷண்ட் கேட்டா நாங்க எப்படிம்மா சொல்றது?" என்று பதில் வந்தது. மறுபடியும் மருத்துவரிடம் சொன்னேன். "தேவைன்னா அவங்களே கூப்பிடுவாங்க" என்றார். ஆக, இவர் கூப்பிடுவார் என்று அவரும் அவர் கூப்பிடுவார் என்று இவரும் இருக்கிறார்கள். நடுவில் ஊசி மட்டும் வேளை தவறாமல் ஏறுகிறது. ஐயா, ஆயுளில் பாதியைத் தொலைபேசி நிலையத்தில் கழித்தவள் நான். புயலில் கம்பி அறுந்த நாள்களிலும் சுற்றுவழியாகவாவது ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம். மூன்றாம் தளத்தைத் தரைத்தளத்தோடு இணைக்க இங்கே ஆளில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

5. இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் என் காது. ஊசி தொடங்கிய பின் இரண்டு காதுகளிலும் ஓயாத இரைச்சல். வலது காது முதலில் மந்தமானது, இப்போது இடது. இளம் மருத்துவர் ஒருவரிடம் சொன்னேன். "வயசானா வர்றதுதான் பாட்டி" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்குப் பாட்டி அல்ல. வயதும் எனக்கு இந்த வாரம் வந்ததன்று. மருந்தோடு வந்த தாளில், செவித்திறன் பாதிக்கப்படலாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

6. என் கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நானும் என் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்குப் பார்வை போய்விட்டது. அவரால் இங்கே வர இயலாது. பக்கத்து வீட்டுப் பெண் எண்ணை அழுத்திக் கொடுக்க, தினமும் மாலையில் என்னோடு பேசுவார். குழாயில் தண்ணீர் வந்ததா, பூனை எதைத் தட்டிவிட்டது என்பதற்கு மேல் பேச்சில் விசேஷம் எதுவும் இருக்காது. இப்போது அவர் சொல்வது துண்டுதுண்டாகத்தான் வருகிறது. ஒன்று கேட்டால் நான் வேறொன்று சொல்கிறேன். முந்தாநாள், "எம்மேல கோவமா அண்ணி? ஏன் பேச மாட்டேங்குறீங்க?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவர் கேட்டதற்குப் பதிலாக இல்லை போலும். நேற்று அவர் அழைக்கவில்லை. என் காது போய்விட்டால், அவர் சொல்வதை நான் கேட்க முடியாது, நான் எழுதுவதை அவர் படிக்க முடியாது. அதன் பிறகு ஒரே வீட்டில் நாங்கள் இருவரும் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

7. எனக்கு மட்டும் கேட்பது அழகல்ல. என் கதவுக் கண்ணாடி வழியே தெரியும் எதிர் அறையில் ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார். அவர் கதவிலும் மஞ்சள் அட்டை. அவர் மகள் அந்தக் கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போகிறார். உள்ளே வரலாமா கூடாதா என்று அந்தப் பெண்ணுக்கும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் இன்னும் ஓர் அறை இருக்கிறது. அதன் கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

8. ஆகவே, நுண்ணுயிரியல் நிபுணர் எங்கள் அறைகளுக்கு நேரில் வர வேண்டும் அல்லது எங்கள் மருத்துவரோடு இன்றே பேச வேண்டும். என்னிடமிருந்து முறைப்படி மறுபடியும் சிறுநீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். இந்த ஊசி எனக்குத் தேவையா, காதைக் கெடுக்காத வேறு மருந்து உண்டா, கதவு மூடியே இருக்க வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். அடுத்த ஊசிக்கு முன்பே சொன்னால் நல்லது. தொடரத்தான் வேண்டும் என்று அறிந்தவர் சொன்னால், மறுபேச்சில்லாமல் கையை நீட்டுவேன். யாரும் யோசிக்காமல் விட்டதனால் என் காது போக நான் சம்மதிக்கவில்லை.

9. தங்கள் முடிவை எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இடம்: மூன்றாம் தளம், கடைசி அறை
நாள்: வியாழக்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
வலது கையில் ஊசிக்குழாய் இருப்பதால் இடது கையால் ஒப்பமிட்டுள்ளேன்.