ஐம்பத்திரண்டு வீத ஈரம்

வின்டர்தூர்,
10.09.1997

அன்புள்ள அஞ்சலின்,

சுரங்கத்தில் ஈரப்பதம் ஐம்பத்திரண்டு வீதத்துக்கு இறங்கிவிட்டது. இன்று காலை எங்கள் வேலைத்தலைவர் வெபர் ஈரம் அளக்கும் கருவியை இரண்டு தரம் பார்த்துத் தன் கொப்பியில் எழுதினார். அறுபதுக்குக் கீழே நின்றால் இரும்பு அவ்வளவாகத் துருப்பிடிக்காது என்கிறார்.

நான் சுகம். உமது கடிதம் நேற்றுக் கிடைத்தது. பிள்ளை லேயாவையும் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரத்துக்குப் படகேற ஆயத்தம் என்று எழுதியிருக்கிறீர். அதற்குப் பதில் சொல்லமுன் என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இங்கே ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்களில் வீடு வீடாக அனுப்புகிறார்கள். குளிர்காலத்தில் வீடுகள் சூடாவது அதனால்தான். அந்தக் குழாய்கள் போகும் சுரங்கத்தில் நான் நடக்கிறேன். மேலே ரயில் போனால், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் கேட்கும். நடக்க நடக்க எந்தத் தெருவுக்குக் கீழே நிற்கிறேன் என்பது மறந்துபோகும். அடுத்த ஏணியில் ஏறினால் பேசாலைக் கோவிலடியில் தலை நீட்டுவேன், நீர் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பீர் என்று தோன்றும். என்னோடு அறையில் இருக்கும் தவராஜா அண்ணையிடம் இதைச் சொன்னேன். "உனக்கென்னடாப்பா, சுவிஸ்காரன்ரை காலுக்குக் கீழை நிண்டு கனவு காணுறதுக்குச் சம்பளம்" என்றார்.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். ஆடியில் திருத்த வேலைக்காகக் குழாய்களை நிறுத்தியிருந்தார்கள். வெபர் லீவில் போயிருந்தார். சுரங்கம் ஈரவாடை அடித்தது. கருவாடு காயப்போட்டு வளர்ந்தவன் நான். காற்றுப் பட்டால் எதுவும் காயும் என்று நினைத்து, சுரங்க வாசல்களின் இரண்டு பக்க மூடிகளையும் மூன்று கிழமை திறந்து விட்டேன். உள்ளே வந்த வெயில்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு, ஐஸ் தண்ணீர்க் கோப்பையின் வெளிப்புறம்போல வேர்த்துவிட்டது. ஆவணியில் குழாயைச் சுற்றிய உறையைக் கழற்றினால் குழாய் மண்ணிறமாக இருந்தது.

மூடிகளைத் திறந்தது யார் என்ற சந்தேகம், என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசர் மனுவெலின் மேல் விழுந்தது. உங்கள் இருவரையும் நினைத்து இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போய்ச் சொன்னேன். வெபர் ஏசவில்லை. ஏன் ஒருவரையும் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டார். பிறகு மூடிகளுக்கு ரப்பர் வைத்து அடைத்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றைக் கூடுதலாக வைத்தோம். ஒரு நாளைக்கு நாலு தரம் அளவு பார்ப்பது என் பொறுப்பு.

நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் உங்கள் விசா மனுவை இங்கே எடுக்கமாட்டார்கள். என் தற்காலிக ஒப்பந்தம் இந்த மாதத்துடன் முடிகிறது. வருகிற 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை குழாயின் தடிப்பை அளக்கிறார்கள். துரு மேலோடு நின்றிருந்தால் சுரண்டிப் பூச்சுப் பூசலாம். உள்ளே இறங்கியிருந்தால் என்ன நடக்கும் என்று வெபர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதைப் பார்த்து, என்னை நிரந்தரமாக்குவதா என்று 29ஆம் திகதி திங்கட்கிழமை முடிவு சொல்வார். அன்றே கொழும்பில் மனோகரி அக்காவுக்குப் போன் எடுப்பேன். நல்லதோ கெட்டதோ அவர் உமக்குத் தந்தி அடிப்பார். அது கைக்கு வரும்வரை படகில் கால் வைக்கவேண்டாம், அஞ்சலின். ஆண்டவர் உங்கள் இருவரையும் அதுவரை கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உமது,
யேசுதாசன்