டாக்டர் உன் காலைப் பார்க்க வேண்டுமாம்

போர்டிக்சன்
12.8.1953

இயேசு மரி சூசை துணை.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் எட்வர்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மனைவி அந்தோனியம்மாளும் ஏதோ இருக்கிறோம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மகள் கொரெட்டி சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

பிள்ளைக்குப் பால் கொடுக்காமல், வெயிலில் விடாமல் அந்தோனியம்மாள்தான் காலை வளைய விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கிழித்துப் போடலாம் போல் கோபம் வந்தது. தோட்டத்தைச் சுற்றிச் சர்க்கார் போட்ட முள்வேலிக்குள் நாங்கள் படும் பாடு உனக்கு என்ன தெரியும்? காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம், அதனால் பால் டின்னைக் கடைக்காரனே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறான், சீக்கிரமே கெட்டுப்போகிறது. அப்படியும் அவள் தன் வாயைக் கட்டிப் பிள்ளைக்குத்தான் ஊட்டினாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கொடுத்த மீன் எண்ணெயும் மாதக்கணக்கில் கொடுத்தாயிற்று, கால் நிமிரவில்லை, கொஞ்சம் நடந்தாலே வலிக்குது தாத்தா என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

போன வாரம் சிரம்பான் பெரிய டாக்டரிடம் நானும் கூடப் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இது சாப்பாட்டுக் குறை இல்லை, அப்படியிருந்தால் இத்தனை எண்ணெய்க்கு எலும்பு தேறியிருக்கும், இது சில குடும்பங்களில் பரம்பரையாக வருவது, உங்களில் யாருக்காவது கால் இப்படி உண்டா என்று கேட்டார். உன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் இல்லீங்க ஐயா என்கிறாள்! முன்பு போனபோதும் அதையேதான் சொன்னாளாம். புருஷன் குறையை வெளியாளிடம் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், போதாததற்கு நீ வேறு வாயைத் திறக்காதே என்று எழுதியிருக்கிறாய். உன் மானத்தைக் காத்தாள், பிள்ளையின் கால் இன்னும் வளைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் மகனுக்கு இருக்குங்க ஐயா, செத்துப்போன அவன் ஆத்தாளுக்கும் இருந்துச்சு என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு அந்த மீன் எண்ணெயில் இருக்கும் சத்தையே மருந்தாகப் பல மடங்கு கொடுக்க வேண்டுமாம், அளவு மிஞ்சினால் சிறுநீர் பிரிக்கும் குண்டிக்காய் கெட்டுவிடுமாம். அதனால் உன் காலையும் எக்ஸ்ரே எடுத்து, ரத்தமும் பார்த்து நிச்சயம் செய்துகொண்டுதான் தொடங்குவாராம். இப்போதே தொடங்கினால் நிமிர வழியுண்டு, தாமதித்தால் எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும் என்கிறார். லீவு இல்லை என்று மட்டும் எழுதாதே. நான் சொல்லிவிட்டதற்கு நீ கோபிப்பாய் என்று அந்தோனியம்மாள் அழுகிறாள். கோபித்துக்கொள், ஆனால் வா.

தேவமாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மறக்காதே. நீளக் கால்சட்டை வேண்டாம், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நம் லயத்து வீட்டு வரிசைக்குள் நடந்து வா. எல்லாப் பிள்ளைக்கும் கால் நேரா இருக்கு, எனக்கு மட்டும் ஏன் தாத்தா என்று கொரெட்டி கேட்கிறாள். அவள் உன் காலைப் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. ராயப்பன்