இரவல் வாத்தியார்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் முதல்வராக இருக்கும் கல்லூரிக்கு அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருகிறது. மூன்று துறைகளில் ஆசிரியர்கள் போதாது. ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு இவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது தாளாளர், குழு இருக்கும் நாட்களுக்கு மட்டும் வெளியிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்திருக்கிறார். ஒத்திகைக்கு வந்த வேதியியல் ‘பேராசிரியர்’ ஒருவர் நேற்று நடையில் இவரையே நிறுத்தி, “சார், இங்க பிரின்ஸ்பால் எப்படி, ரொம்பக் கறாரா?” என்று விசாரித்தாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சிரிக்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

குழு கேட்டால் இல்லாததை இல்லை என்றுதான் சொல்வேன் என்று தாளாளரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! நான் சண்டை போட்டேன் அண்ணா. ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதா, இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான், கல்லூரி வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போய் நிற்பது என்று கத்தினேன். “காப்பி அடிச்சான்னு போன மாசம்தான் ஒரு பையனைப் பரீட்சை ஹாலை விட்டு வெளிய அனுப்பினேன். இனி அவன் முகத்துல எப்படி முழிக்கிறது?” என்றார்.

இன்று காலை தாளாளர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “உங்க அண்ணன் பேச்சை சார் தட்டமாட்டாராமே, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா” என்றார். உண்மைதானே? படிக்கிற காலத்திலேயே இவருக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் நீங்கள். நீங்கள் விட்டுக்கொடு என்றால் மறுபேச்சு பேசமாட்டார். தாளாளரிடம் சரி என்று தலையாட்டி அனுப்பினேன். அவர் போனதும் இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஏதோ யோசனையில் காலரைச் சுட்டுவிட்டேன்.

இதைப் படித்ததும் உங்கள் கை போனைத் தேடும், எனக்குத் தெரியும். குழு வந்து போகும்வரை இவரை மட்டும் கூப்பிடாதீர்கள் அண்ணா. வேலை போனால் இரண்டு பேரும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்போம். அன்றைக்கு எங்களை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்களை நம்பியிருக்கும்,
தங்கை